பச்சை வந்த பிறகு ஐந்து நிமிடம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். மந்தைவெளியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே டாக்டர். பத்து மணிக்குள் ஆகிவிடும் என்றார்கள், பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு தி.நகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு வருஷத்தில் நான் அரை நாள் லீவு போட்டால் குறைந்தது ஏழெட்டு போன் வரும். என் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்று, "இப்ப ரெண்டாவது பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். போன்தான் கெட்டுவிட்டதோ என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல, கால் போகுதான்னு பாக்கறேன்."

"போகுது. பல்லு போச்சா?"

"போச்சு" என்று வைத்துவிட்டேன்.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். மேலே ஏறினால் எல்லாரும் நின்றுகொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். "பில்ட் ஆச்சா?" என்று பஞ்சோடு குழறினேன்.

"காலைலயே ஆச்சு சார். மேடம் போட்டுட்டாங்க" என்றான் ஒரு புரோகிராமர், என் முகத்தைப் பார்க்காமலே சட்னியைத் தேடியபடி.

என் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. என் மேஜையில் எதுவும் கலையவில்லை. ஆனாலும் யாரோ என் வீட்டுக்குள் வந்து சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை என்று ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. பல் வலி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி ஜவுளிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறது. முதலாளி நெல்லைப் பக்கத்துக்காரர். உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். இவர் ஒருவர்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். நான் அங்கே பில்ட் பார்ப்பவன். புரோகிராமர்கள் பத்துப் பேர் எழுதுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, கடையில் கொண்டுபோய்ப் போடக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டித் தர வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். கட்டும் வேலையைச் சர்வர்கள் தாமாகவே செய்துவிடும். சிக்கல் என்னவென்றால் எங்களிடம் இருந்தது ஒன்றல்ல, மூன்று சர்வர்.

தி.நகர் ஆபீஸிலேயே, ஏ.சி. போட்ட சின்ன அறையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடிப்படையான பகுதியைக் கட்டுவது இதுதான். கடைக் கவுண்டரில் ஓடும் புரோகிராமைக் கட்டுவதற்கு வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர், அது எந்த ஊரில் இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது அடையாறில். முதலாளி அங்கே ஒரு சின்ன கம்பெனியை வாங்கினார்; கடைக்காரர்கள் போனில் சரக்கு நிலவரம் பார்க்கிற ஆப்பை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சர்வரும் சேர்ந்து வந்தது. மூன்றும் வேறு வேறு ஜாதி. ஒன்று என்ன செய்கிறது என்று இன்னொன்றுக்குத் தெரியாது. முதலாவது முடிந்து திரையில் பச்சை வந்ததும், அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு இரண்டாவதில் போட்டு ஓட்ட வேண்டும். பிறகு மூன்றாவது. வரிசை மாறினால் எல்லாம் போச்சு. அந்த வரிசை நான்தான்.

நானாக எந்தப் புரோகிராமும் பெரிதாக எழுதியதில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் எந்தப் புரோகிராமும் ஆபீஸை விட்டு வெளியே போனதில்லை. "சார், இன்னிக்குப் பில்ட் போடலாமா?" என்று வந்து நிற்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசிப்பது போல் இருந்துவிட்டு, "நாலு மணிக்கு மேல பாக்கலாம்" என்பேன். பல நாள் யோசிக்க ஒன்றுமே இருக்காது.

அடையாறு சர்வரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்களை மட்டும் தி.நகர் ஆபீஸுக்கு மாற்றியபோது அங்கிருந்து வந்தவர்தான் அந்த மேடம். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. அங்கே சோதனை பார்க்கும் வேலையில் இருந்தார். சைதாப்பேட்டையில் ஆற்றோரமாகப் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லாரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அனுப்பிவிட்டார்கள். தினமும் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார், ஆனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் பேச்சு அப்படியே சைதாப்பேட்டைப் பேச்சு. மீட்டிங்கிலும் அதே பேச்சுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. மீட்டிங்கில் நாலு வாக்கியம் திக்காமல் பேசுவதற்காக லஸ் கார்னரில் எட்டு மாதம் சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ் போனவன் நான். அப்படியும் நான் பேசும்போது எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். இவர், "சார், இது வேலைக்காவாது, ஏன்னா..." என்று ஆரம்பித்தால் முதலாளி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

நான் பல் பிடுங்கிய வாரத்திலேயே அவர் அந்த யோசனையைச் சொன்னார்.

"மூணு சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காமயே கீது சார். நடுவுல ஒரு புரோகிராம் வச்சா, அதுவே ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தத ஓட்டும். யாரும் உக்காந்து பாக்கத் தேவல."

"நடுவுலதான் நான் இருக்கேனே" என்றேன். சிரித்துக்கொண்டு சொல்வதாக நினைப்பு.

"நீங்க கீறீங்க சார். உங்களுக்குக் காய்ச்ச வந்தா?"

முதலாளி சிரித்துவிட்டார். "நல்ல யோசனைதாம்மா. செய்யுங்க. தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சத எல்லாம் இந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருங்க."

இரண்டு வாரம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். அதில் நான் பொய் சொல்லவில்லை. கடைசி நாள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "வேற எதுனா கீதா சார், நான் கேக்காம உட்டது?"

ஒன்று இருந்தது. தி.நகர் சர்வர் வேலை முடிந்ததென்று பச்சை காட்டும். ஆனால் உண்மையில் அப்போது வேலை முடிந்திருக்காது. கட்டிய ஃபைலை எல்லாருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டருக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கும். புது ஃபைல் முழுதாக வந்து சேரும்வரை பழையதுதான் அந்த இடத்தில் இருக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது சர்வரை ஓட்டிவிட்டால் அது பழையதை எடுத்துப் பொட்டலத்துக்குள் போட்டுக் கட்டிவிடும். மேலே புது நம்பர், உள்ளே பழைய சரக்கு. சாதாரண நாளில் அரை நிமிடத்தில், இரண்டாவது சர்வர் ஃபைலைத் தேடி வருவதற்குள், வந்து சேர்ந்துவிடும். பெரிய வேலையாக இருந்தாலோ, ஆபீஸ் நெட் திணறினாலோ நாலு நிமிடம்கூட ஆகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை இதில் சூடு பட்டிருக்கிறேன். அதிலிருந்து பச்சை வந்ததும் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்ததைத் தொடுவேன். இதை யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. "இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வைகாசி கடைசியில் அவர் புரோகிராம் தயாராகிவிட்டது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே ஒரு பட்டன். மூன்று சர்வரும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப் பச்சை பச்சையாக வந்தது. கை தட்டினார்கள். முதலாளி, "இத்தன வருஷமா இது தெரியாமப் போச்சே நமக்கு" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது என்னை என்று எனக்குப் பட்டது. அன்றைக்குக் கை தட்டாதவன் நான் ஒருவன்தான். கையில் டீ டம்ளர் இருந்தது என்று ஒரு சாக்கு.

அதற்குப் பிறகு யாரும் என் மேஜைக்கு வந்து, போடலாமா என்று கேட்கவில்லை. வேலை குறைந்ததே என்று சந்தோஷப்படலாம். எனக்கு அது முடியவில்லை. நாள் முழுக்க மேடம் உட்கார்ந்திருந்த திசையையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் அவரிடம் போகிறார்கள், எத்தனை நேரம் நிற்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள், "இன்னா, பில்டு போய்க்கினு கீதா?" என்று அவர் குரலில் பேசிக் காட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "எங்க அம்மா அப்டிதான் சார் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு நான் மேஜையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன்.

வீட்டிலும் அதே பேச்சுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இந்த மாசத்துல அந்தம்மாவப் பத்திப் பேசாம நீங்க ஒரு வேளை சாப்டதில்ல."

"நான் எங்க பேசினேன்? ஆபீஸ்ல நடக்கறதச் சொல்றேன்."

"ஆபீஸ்ல இருபது பேர் இருக்காங்கல்ல?"

ஆடி வந்தது. தி.நகரில் ஆடித் தள்ளுபடி என்றால் என்ன கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. உஸ்மான் ரோட்டில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு ஜவுளிக்கடை, நாலு மாடி. தள்ளுபடி தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், விலை ஸ்டிக்கரில் மாடியைக் குறிக்க ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்டிக்கரைப் படிப்பது அடிப்படைப் பகுதியின் வேலை. புரோகிராமர்கள் மாற்றி எழுதினார்கள், அந்தப் பகுதியை மட்டும் தனியாகச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. மேடம் பட்டனை அமுக்கினார். அன்றைக்கு ஆபீஸ் நெட் காலையிலிருந்தே மந்தம். எனக்கு அது தெரியும். பச்சை வந்தது, உடனே அடுத்த பச்சைக்கான ஓட்டம் தொடங்கியது. நான் என் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல எட்டடி நடந்தால் போதும். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கடை திறந்து அரை மணி நேரத்தில் போன் வந்தது. புது எழுத்துப் போட்ட ஸ்டிக்கர் ஒன்றைக்கூடக் கவுண்டர் மெஷின் படிக்கவில்லை. முதலாளி எங்கள் இருவரையும் ஓடச் சொன்னார். நடக்கிற தூரம்தான், ஆனால் கூட்டத்தில் அரை மணி ஆயிற்று. தரைத்தளத்தில் பில் போட வரிசை வாசல் வரைக்கும் வந்திருந்தது. பெண்கள் கையில் புடவைகளைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கவுண்டர் பெண்கள் சட்டைப் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் நேராக மேடத்திடம் வந்தார்.

"நீங்கதானா இதச் செஞ்சது? ஆடி மொத நாளு வியாபாரத்தக் கெடுத்துட்டியளே. வேல தெரியாதவங்கள எல்லாம் யாரு வேலைக்கு வைக்கா?"

சுற்றி ஐம்பது பேர் பார்த்தார்கள். அவர், "மன்னிச்சுக்குங்க சார், இப்ப சரி பண்டிடறோம்" என்றார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கு ஆபீஸிலேயே தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் ஃப்ளோர் மேனேஜரிடம், "பழையபடி நான் கையால போட்டுத் தரேன் சார். ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

ஆபீஸுக்கு வந்து முதல் சர்வரை ஓட்டினேன். பச்சை வந்தது. டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மற்றதை ஓட்டி அனுப்பினேன். கடையில் வேலை செய்தது. முதலாளி என் தோளில் கை வைத்து, "அனுபவம்னா அனுபவம்தான், என்ன?" என்றார். மேடத்தின் புரோகிராமை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். மறுபடி எல்லாரும் என் மேஜைக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. அவர் மூன்று நாள் தன் புரோகிராமை வரி வரியாகப் படித்துத் தவறைத் தேடினார். எங்கே பார்த்தாலும் பச்சை. தவறு எங்கே தெரியப் போகிறது? மீட்டிங்கில், "எங்கன்னு தெர்ல சார், ஆனா தப்பு என்னுதுதான்" என்று ஒப்புக்கொண்டார். அதற்கும் யாரும் அவரைக் குறைவாகப் பேசவில்லை. ரிசப்ஷன் பெண் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு புரோகிராமர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து தேடினார்கள். ஜெயித்தவன் நான். ஆனால் கூட்டம் அவர் மேஜையில்தான். தோற்றுப்போனவரைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தார். "சார், உங்க கைல மட்டும் எப்டிக் கரெக்டா வருது? ஒரு தபா பக்கத்துல குந்திப் பாக்கட்டா?"

மறுக்க முடியவில்லை. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். நான் முதல் சர்வரை ஓட்டினேன். பச்சை வந்தது. டீக்கு எழுந்தால் தெரிந்துவிடும். உடனே அடுத்ததை ஓட்டினால் கெட்டுவிடும். மவுஸை அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டு, தேவையில்லாத ஒரு ஃபைலைத் திறந்து படிப்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சார், டீக்குப் போவலியா? பச்ச வந்தா கீழ எறங்கிடுவீங்களே, டெய்லி."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எழுந்து போனேன். கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், குடிக்கவில்லை. மேலே வந்தபோது அவர் என் திரையில் அந்தப் பொது ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தார். புது ஃபைலின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

"பச்ச வந்து மூணு நிமிசம் ஆச்சு" என்றார். "ஃபைலு இன்னும் வந்துக்கினே கீது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா சார் இது?"

"தெரியும்."

நல்லவன் என்பதால் உண்மையைச் சொல்லவில்லை. பொய் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவர் நோட்டை மூடினார். குரல் உயராமல், "கடையில அந்தாளு என்னப் பேசறப்போ பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க முதலாளி எப்போது கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. மேடம் யாரிடமும் சொல்லவில்லை என்று புரிந்தது. சனிக்கிழமை காலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு முதலாளி வருவாரா?" என்றாள்.

"வருவார்."

"அப்பக் கிளம்புங்க."

முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முடிந்ததும், "அந்தப் புள்ளைக்கு இது தெரியுமா?" என்றார்.

"வியாழக்கிழமையே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அவர் முகத்தில் மேடம்மீது ஒரு மதிப்பு வந்ததைப் பார்த்தேன். என் தப்பை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில், அந்த நிமிஷத்திலும், எனக்குள் பழைய எரிச்சல் ஒரு பொறி தெறித்து அடங்கியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"ஏன் தம்பி இப்படிச் செஞ்சீய?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "திங்கக்கிழமையிலிருந்து பில்ட் பூராவும் அவங்க பொறுப்பு. நீங்க அவங்களுக்குக் கீழ. இருக்க முடியும்னா இருங்க" என்றார்.

இருந்தேன். வேறு வேலை தேடவில்லை என்று சொல்ல மாட்டேன். தேடினேன், கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் போய், "ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டேன். அவர் ஏதாவது பெருந்தன்மையாகச் சொல்வார், அதையும் சுமக்க வேண்டியிருக்கும் என்று பயம்.

"சொல்லிருந்தா உங்களத் தூக்கியிருப்பாங்க" என்றார். "இதே மாரி இன்னும் இன்னா இன்னா உங்க மண்டைக்குள்ள கீதோ, அப்றம் அத்த நான் யார்ட்டப் போயி கேப்பேன்? எனக்கு அது வேணும். குந்துங்க."

உட்கார்ந்தேன். முன்பு எழுதிய பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து ஒதுக்கிவிட்டுப் புதுப் பக்கத்தைத் திறந்தார். "உங்களுக்கு இன்னா தெரியும்னு இந்தத் தபா கேக்க மாட்டேன். காலைல வந்ததுலேர்ந்து நீங்க இன்னா பண்ணுவீங்க, அத்த மட்டும் சொல்லுங்க. எந்திரிக்கிறது, நடக்கிறது, எல்லாம்."

அப்படிச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் அடையாறு சர்வரை ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்ப்பேன், இரண்டு நாள் தூங்கினால் முதல் தடவை அது தடுக்கும். மழை நாளில் நெட்டைப் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன். இப்படி ஆறு வருஷமாக உடம்பே செய்துகொண்டிருந்தவை நிறைய. ஒவ்வொன்றுக்கும் அவர், "ஏன்?" என்பார். சில நேரம் எனக்கே காரணம் மறந்திருக்கும், தேடிக் கண்டுபிடிப்போம். அவர் புரோகிராம் பச்சையை நம்புவதை விட்டுவிட்டது. ஃபைல் முழுதாக வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த சர்வரைக் கூப்பிடுகிறது. அதன் பிறகு ஒரு கடையிலும் அந்தத் தவறு வரவில்லை.

தீபாவளிக்கு மனைவிக்குப் புடவை எடுக்க அதே கடைக்குப் போனபோது ஃப்ளோர் மேனேஜரைப் பார்த்தேன். அருகில் போய், "சார், ஆடி மொத நாள் பில்லிங் நின்னுச்சே, அன்னைக்கு அந்த மேடம் மேல தப்பு இல்ல. என் தப்பு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த மேடம்?" என்றார். பிறகு, "தினம் ஒண்ணு நிக்குது சார், எத ஞாபகம் வைக்க? பட்டு ரெண்டாவது மாடி" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மனைவி என் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் அழைத்துப்போனாள்.

எங்களுக்குள் சிநேகிதம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். வேலை பேசுவோம். நான் ஒன்றைச் சொன்னால் அவர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார், என் எதிரிலேயே. அதற்கு நான் கோபப்பட வழியில்லை. தீபாவளிக்கு முந்தி வந்த ஆயுத பூஜை அன்று மனைவி ஆபீஸுக்கு வந்திருந்தாள். சர்வர் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த அவரோடு இவள் பேச ஆரம்பித்தாள். பொரி கொடுத்து முடிந்து எல்லாரும் கிளம்பும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பஸ்ஸில் வரும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வராங்க" என்றாள்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டே?"

"உங்களக் கேட்டிருந்தா கூப்பிட்டிருக்கவே முடியாது."

மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வஞ்சிர மீன் வறுவலை ரசித்துச் சாப்பிட்டார். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் பார்த்து வாங்குவது எப்படி என்று மனைவிக்குச் சொன்னார். நான் வாங்கி வந்தது முந்தின நாள் மீன் என்றும் சொல்லாமல் விடவில்லை. சாப்பாடு முடிந்து நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. குழாயைக் கொஞ்சம் மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். பெரும்பாக்கம் பஸ்ஸில் யாரோ ஒரு கண்டக்டரைப் பற்றிப் பேச்சு. என்னைப் பற்றி இல்லை.

என்னைப் பற்றி இருந்திருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. குழாயைத் திறந்து மிச்சத் தட்டுகளைக் கழுவினேன்.